பியூஃபர்ட்: ஒரு தென்மாநிலச் சிற்றூர் தன் வரலாற்றைக் காப்பாற்றிய கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டனுக்கும் சவானாவுக்கும் நடுவே கடலோரத் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது பியூஃபர்ட். 1711-இல் உருவான ஊர். மாநிலத்தில் சார்ல்ஸ்டனுக்கு அடுத்த பழைய ஊர் இதுதான். 2020 கணக்கெடுப்பில் சுமார் 13,600 பேர். வட கரோலினாவிலும் இதே எழுத்துக்கூட்டலில் ஓர் ஊர் உண்டு. அதை ‘போஃபர்ட்’ என்பார்கள், இதை ‘பியூஃபர்ட்’ என்பார்கள். மாற்றிச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் உடனே திருத்துவார்கள்.

பழைய மாளிகைகள், பாசி தொங்கும் ஓக் மரங்கள், உப்பங்கழி என்று பார்க்க அழகான ஊர். அந்த அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் இங்கே என்ன கட்டினார்கள், அதை மறைக்க முயன்ற காலத்தில் யார் அதைக் காப்பாற்றி வைத்தார்கள் என்பதுதான் இந்தப் பக்கம்.

1861-இல் அங்கே அப்படி என்ன நடந்தது?

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் வடக்கின் மத்திய அரசுக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1861 நவம்பர் 7 அன்று வடக்கின் கடற்படை போர்ட் ராயல் நீரிணைக்குள் புகுந்து இரு கரைக் கோட்டைகளையும் பீரங்கியால் தாக்கியது. செய்தி கேட்டதும் பருத்தித் தோட்ட முதலாளிகள் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். சுற்றியுள்ள தீவுகளில் இருந்த சுமார் 10,000 அடிமைப்பட்ட மக்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பீரங்கி முழங்கிய அந்த நாளைத் தீவு மக்கள் ‘பெரிய துப்பாக்கி வெடித்த நாள்’ என்று தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள்.

இதனால் மற்ற தென்மாநிலங்களில் 1865-க்குப் பிறகு நடந்தவை இங்கே மூன்று நான்கு ஆண்டுகள் முன்னதாகவே நடந்தன. விடுதலை பெற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம், கூலி வேலை, சொந்த நிலம், கறுப்பினப் படைப்பிரிவு எல்லாமே. ஒரு நாட்டின் மறுகட்டமைப்புக் காலம், அதாவது போருக்குப் பின் தென்மாநிலங்களை அடிமை முறை இல்லாமல் மீண்டும் கட்டியெழுப்ப முயன்ற காலம், ஒரு சின்ன ஊரில் ஒத்திகை பார்க்கப்பட்டது என்றே சொல்லலாம்.

1863 ஜனவரி 1 அன்று போர்ட் ராயலில் கேம்ப் சாக்ஸ்டன் என்ற முகாமில், ஓக் மரத்தடியில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தவர் பிரிஸ்பேன் என்ற மருத்துவர். இதே பகுதியில் பிறந்து, அடிமைகளை வைத்திருந்து, பிறகு மனம் மாறி அவர்களை விடுவித்தவர். வாசித்து முடிந்து, கறுப்பினப் படைப்பிரிவிடம் கொடி ஒப்படைக்கப்பட்டபோது, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. கூட்டத்திலிருந்து ஒரு முதியவரின் கரகரத்த குரல் நாட்டைப் பற்றிய பாட்டைத் தானாக எடுத்தது, இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள், பிறகு எல்லோரும். அந்தப் படைப்பிரிவின் தலைவர் ஹிக்கின்சன் இதை எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் பிரகடனம் வாசிக்கப்பட்டது மட்டும் தெரிந்திருக்கும், அந்தக் கிழவரின் குரல் போயிருக்கும்.

ராபர்ட் ஸ்மால்ஸ் யார்? ஏன் எல்லாரும் அவர் பெயரையே சொல்கிறார்கள்?

1839-இல் பியூஃபர்ட்டில், பிரின்ஸ் தெருவில், மெக்கீ என்ற முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிலில் பிறந்தவர். அம்மா லிடியா அந்த வீட்டில் அடிமை. பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டனுக்குக் கூலிக்கு அனுப்பப்பட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்துப் படகு ஓட்டக் கற்றார். சம்பளத்தின் பெரும்பகுதி முதலாளிக்கே போகும். மனைவி ஹன்னாவையும் மகளையும் விலைகொடுத்து மீட்க 800 டாலர் வேண்டியிருந்தது. அவரால் சேர்க்க முடிந்தது அதில் ஒரு சிறு பங்குதான்.

போர் வந்ததும் தெற்குப் படையின் ‘பிளான்டர்’ என்ற கப்பலில் சுக்கான் பிடிக்கும் வேலை. 1862 மே 13 அதிகாலை, வெள்ளையர்களான தலைவரும் துணையாளர்களும் கரையில் தூங்கப் போயிருந்த நேரம். ஸ்மால்ஸும் மற்ற அடிமை மாலுமிகளும் கப்பலைக் கிளப்பினார்கள். வழியில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் 16 பேர். ஸ்மால்ஸ் தலைவரின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே நின்று, ஒவ்வொரு கோட்டைக்கும் சரியான ஊதல் சைகை கொடுத்துக் கடந்தார். சம்டர் கோட்டையையும் தாண்டிய பிறகு கொடியை இறக்கி ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றி, வடக்கின் முற்றுகைக் கப்பலிடம் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 23.

இது வரை பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஊருக்கு முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பரிசுப் பணமாக அவருக்கு 1,500 டாலர் கிடைத்தது. உரிமையாளர்கள் வரி கட்டாததால் அரசு ஏலம் விட்ட வீடுகளில் ஒன்றை பியூஃபர்ட்டில் வாங்கினார். எந்த வீடு? தன் தாய் அடிமையாக வேலை செய்த அதே பிரின்ஸ் தெரு வீடு. பழைய உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது. 1878-இல் உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. வரி ஏலத்தில் நிலம் வாங்கிய எத்தனையோ பேரின் பட்டாவுக்கு அந்தத் தீர்ப்பு உறுதி கொடுத்தது.

1868-இல் தென் கரோலினாவின் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய மாநாட்டில் உட்கார்ந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயப் பொதுக்கல்வி வேண்டும் என்று வாதாடினார். எழுத்தறிவு மறுக்கப்பட்டு வளர்ந்தவர் அவர். பிறகு மாநிலச் சட்டமன்றம், நாடாளுமன்றத்தில் ஐந்து தவணை. 1895-இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க இன்னொரு அரசியல் சட்ட மாநாடு கூடியது. அதில் இருந்த கறுப்பின உறுப்பினர்கள் ஆறே பேர், ஐந்து பேர் பியூஃபர்ட்டுக்காரர்கள். ஸ்மால்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார், தோற்றார், கையெழுத்துப் போட மறுத்தார். 1915-இல் அந்த பிரின்ஸ் தெரு வீட்டிலேயே இறந்தார்.

இவ்வளவு பெரிய வரலாறு எப்படி மறைந்துபோனது?

தானாக மறையவில்லை, மறைக்கப்பட்டது. 1895 சட்டத்துக்குப் பிறகு கறுப்பின மக்கள் வாக்குச்சாவடியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வாக்கு போனால் பாடப்புத்தகமும் போகும். மறுகட்டமைப்புக் காலம் என்றால் ஊழல், குழப்பம், தகுதியில்லாதவர்களின் ஆட்சி என்று பல தலைமுறைகளுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஊர்ச் சுற்றுலாவில் மாளிகைகளின் தூண்களைப் பற்றிப் பேசுவார்கள், அந்த மாளிகைகளைக் கட்டியவர்களைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அப்படியென்றால் யார்தான் காப்பாற்றினார்கள்?

சபை (தேவாலயம்), பள்ளி, கல்லறை, குடும்பம். அரசாங்கம் கடைசியில் வந்தது.

முதலில் சபைகளைச் சொல்ல வேண்டும். கிரேவன் தெருவில் இருக்கும் டேபர்னகிள் பாப்டிஸ்ட் சபையின் கல்லறை முற்றத்தில்தான் ஸ்மால்ஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். அங்கே அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. பீடத்தில் அவருடைய சொற்களையே பொறித்திருக்கிறார்கள்: தன் மக்களுக்குத் தனிப் பரிந்துரை தேவையில்லை, வாழ்க்கைப் போராட்டத்தில் சமவாய்ப்பு ஒன்றே போதும் என்பது அதன் சாரம். பாடப்புத்தகத்தில் அவருக்கு இடம் இல்லாத நாளிலும் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்த பிள்ளைகள் அந்தக் கல்லறையைத் தாண்டித்தான் போனார்கள்.

பாலம் தாண்டினால் செயின்ட் ஹெலினா தீவு. அங்கே பிரிக் பாப்டிஸ்ட் சபை, 1855-இல் அடிமைகளின் உழைப்பில் எழுந்த செங்கல் கட்டடம். முதலாளிகள் கீழே உட்காருவார்கள், கட்டியவர்கள் மாடத்தில். 1861-இல் முதலாளிகள் ஓடியதும் மாடத்தில் இருந்தவர்கள் கீழே இறங்கி வந்து சபையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

அதற்கு எதிரே பென் சென்டர். 1862-இல் வடக்கிலிருந்து வந்த லாரா டவுனும் எலன் மர்ரியும் தொடங்கிய பென் பள்ளி. சார்லட் ஃபோர்டன் என்ற கறுப்பின ஆசிரியை இங்கே பாடம் நடத்தித் தன் அனுபவத்தை எழுதியும் வைத்தார். 1948-இல் பள்ளி மூடப்பட்டது. இடத்தை விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விற்காமல் சமூக மையமாக மாற்றினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகத் தங்கிக் கூட்டம் போடத் தெற்கில் இடமே கிடைக்காத 1960களில், மார்ட்டின் லூதர் கிங் தன் அமைப்பின் கூட்டங்களை இங்கே நடத்தினார். மரங்களுக்கு நடுவே அவர் தங்கிய சிறு வீடு இன்றும் இருக்கிறது.

நியூகாசல் தெருவில் ஒரு எளிய மரக்கட்டடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கவனிக்காமல் போய்விடுவார்கள். வடக்குப் படையில் போரிட்ட கறுப்பின முன்னாள் வீரர்கள் 1896-இல் கட்டிய கூடம். வாக்குரிமை பறிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு! நாங்கள் போரிட்டோம் என்று ஊருக்கு நடுவில் கூடம் எழுப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

‘கல்லா கீச்சி’ என்பது என்ன?

இந்தத் தீவுகளில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் பண்பாடும் மொழியும். மேற்கு ஆப்பிரிக்காவின் பல மொழிகளும் ஆங்கிலமும் கலந்து உருவான பேச்சு. வெகுகாலம் அதைக் கொச்சை ஆங்கிலம் என்று கேலி செய்தார்கள், பள்ளியில் பேசினால் திட்டு விழும். 2005-இல் புதிய ஏற்பாடு முழுவதும் இம்மொழியில் அச்சாகி வெளிவந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் கல்லா கீச்சி பண்பாட்டு வழித்தடத்தைச் சட்டப்படி அறிவித்தது.

தேசியப் பூங்கா எப்படி வந்தது?

எளிதில் வரவில்லை. 2000களின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் ஒரு முயற்சி நடந்தது. தெற்குப் படை வீரர்களின் வாரிசுகள் சங்கம் எதிர்த்தது, மசோதா நின்றுபோனது. உள்ளூர்க்காரர்களும் வரலாற்றாசிரியர்களும் விடவில்லை. 2017 ஜனவரி 12 அன்று, பதவி முடிய எட்டு நாள் இருக்கும்போது ஒபாமா மறுகட்டமைப்புக் காலத் தேசிய நினைவுச் சின்னத்தை அறிவித்தார். 2019 மார்ச்சில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக உயர்த்தியது. இரண்டு கட்சிகளும் தொட்ட விஷயம் என்பதால் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

ஊரின் பழைய தீயணைப்பு நிலையம், பிரிக் சபை, பென் சென்டரின் டாரா ஹால், கேம்ப் சாக்ஸ்டன் என்று பூங்கா சிதறிக் கிடக்கிறது. சபைகளும் பென் சென்டரும் அந்த இடங்களை 150 ஆண்டுகள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் பூங்கா அமைக்க ஏதோ மிஞ்சியிருந்தது.

பலகை வைத்தால், பதிவேட்டில் சேர்த்தால் கட்டடம் பிழைத்துவிடுமா?

இதுதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம். இல்லை.

1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் பொதுவாக 50 ஆண்டு கடந்த இடங்களைச் சேர்க்கலாம். சேர்ந்தால் மதிப்பு வரும், வருமானம் தரும் கட்டடமாக இருந்தால் சீரமைப்புச் செலவில் 20 சதவீதம் மத்திய வரிச்சலுகை கிடைக்கும், அரசுப் பணத்தில் அந்தப் பக்கம் சாலை போடுவதாக இருந்தால் பாதிப்பு என்ன என்று ஆராய வேண்டும். ஆனால் தனியார் உரிமையாளர் சொந்தக் காசில் இடிக்க நினைத்தால் பதிவேடு தடுக்காது. தடுப்பது உள்ளூர் நகராட்சியின் விதிதான். அதனால் கைதட்டி விழா எடுப்பதோடு நிற்காமல், நகராட்சியின் வரலாற்று ஆய்வுக் குழுக் கூட்டங்களில் போய் உட்கார வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கட்டடங்கள் போவதும் நிற்பதும் அந்த மேசையில்தான்.

வரலாற்றுப் பலகைக்கு வழி வேறு. தென் கரோலினாவில் 1936-இலிருந்து இந்தத் திட்டம் இருக்கிறது. ஏதாவது ஓர் அமைப்பு பொறுப்பேற்று, ஆதாரத்தோடு விண்ணப்பித்து, செலவையும் ஏற்க வேண்டும். மாநில ஆவணக் காப்பகத் துறை வாசகத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தரும். பணம் கட்டும் அமைப்புதான் கதையைத் தொடங்கிவைக்கிறது என்பதைக் கவனியுங்கள். வசதியான சங்கங்களின் முன்னோர்களுக்குப் பலகைகள் முதலில் வந்ததற்குக் காரணம் இதுவே.

வரலாற்றைப் பற்றிப் பேசும்போது நிலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

நிலம் போனால் ஆட்கள் போவார்கள், ஆட்கள் போனால் கதையைச் சொல்ல யார்?

விடுதலைக்குப் பின் வாங்கிய நிலங்கள் பல, உயில் எழுதாமலே கைமாறின. பேரன் பேத்திகள், அவர்கள் பிள்ளைகள் என்று நாற்பது ஐம்பது பேருக்குப் பாகம் பிரிக்காத பங்கு. பங்காளி ஒருவரைப் பிடித்து அவர் பங்கை வாங்கி, நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்டு, மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இப்படித்தான் எத்தனையோ ஏக்கர் போனது. பக்கத்தில் ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956-இல் பாலம் வந்தது, கோல்ஃப் மைதானங்களும் வேலியிட்ட குடியிருப்புகளும் வந்தன. இன்று அங்கே சில பழைய கல்லறைகள் அந்த வேலிக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. தாத்தா பாட்டியின் கல்லறைக்குப் போக, பேரப்பிள்ளைகள் வாசலில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

அதைக் கண்முன்னே பார்த்ததால் செயின்ட் ஹெலினா விழித்துக்கொண்டது. 1999-இல் பண்பாட்டுப் பாதுகாப்பு மண்டல விதி வந்தது: கோல்ஃப் மைதானம், சொகுசு விடுதி, வேலியிட்ட குடியிருப்பு மூன்றும் கூடாது. தீவருகே பைன் ஐலண்டில் சுமார் 500 ஏக்கரில் கோல்ஃப் மைதானம் அமைக்க ஒரு திட்டம் வந்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் எதிர்த்தார்கள். 2023-இல் கவுன்ட்டி (மாவட்ட) கவுன்சில் விதியைத் தளர்த்த மறுத்தது.

பாகப்பிரிவினைக்கும் ஒரு சட்டம் வந்தது. மூன்றாமவருக்கு ஏலம் போகுமுன் மற்றப் பங்காளிகள் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்புத் தரும் சட்டம், 2017-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் கிளமென்டா பிங்க்னியின் பெயர். பியூஃபர்ட்டில் பிறந்து, மாநில செனட்டராகவும் போதகராகவும் இருந்து, 2015-இல் சார்ல்ஸ்டன் இமானுவேல் சபையில் வேதபாட நேரத்தில் எட்டுப் பேரோடு சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒரு தலைவருக்குச் செய்த மரியாதைகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் கண்டதில்லை. அவர் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு வழக்கிலும் ஒரு குடும்பத்துக்கு நிலம் தங்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

சிலைகள் தேவையா?

தேவை என்றே நினைக்கிறேன். 2024 ஜூனில் டேபர்னகிள் சபை வளாகத்தில் ஹாரியட் டப்மன் நினைவுச் சிலை திறக்கப்பட்டது, செய்தவர் எட் டுவைட். டப்மன் அடிமைத்தளையிலிருந்து தப்பி, மற்றவர்களையும் தப்புவித்தவர், போர்க்காலத்தில் பியூஃபர்ட்டில் இருந்தவர். 1863 ஜூன் 2 அன்று கம்பாஹி ஆற்றில் படகுகளோடு போய் 700-க்கும் மேற்பட்டவர்களை விடுவித்த தாக்குதலுக்கு வழிகாட்டியவர். அதே ஆண்டு, தலைநகர் கொலம்பியாவின் சட்டமன்ற வளாகத்தில் ஸ்மால்ஸுக்குச் சிலை வைக்கவும் மாநிலம் ஒப்புதல் அளித்தது. அவர் இறந்து 109 ஆண்டுகள் கழித்து.

சரி, சிலை வந்துவிட்டதால் வேலை முடிந்ததா? சிலைக்குக் கீழே நின்று கதை சொல்ல ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

பெரிய பெயர்கள் மட்டும்தான் தலைவர்களா?

இல்லவே இல்லை. பென் சென்டரின் அருங்காட்சியகத்துக்கு யார்க் பெய்லி என்ற டாக்டரின் பெயர். தீவிலேயே பிறந்து பென் பள்ளியில் படித்து, மருத்துவம் முடித்து 1906-இல் திரும்பி வந்தவர். தீவு மக்கள் வாழ்ந்த அதே மண்ணில் அரை நூற்றாண்டு வைத்தியம் பார்த்தார். காசு இல்லாதவர்களிடம் கோழி, காய்கறி என்று கொடுத்ததை வாங்கிக்கொள்வார். இப்படி ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருந்திருப்பார். பேறுகால மருத்துவச்சி, ஆசிரியை, பிரேய்ஸ் ஹவுஸ் எனப்படும் சின்னஞ்சிறு வழிபாட்டு அறையில் பாட்டெடுத்துக் கொடுத்த பெரியவர். தீவில் அந்த அறைகள் மூன்றே எஞ்சியுள்ளன. ஒரு ஹால் அளவுகூட இருக்காது, ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தே அங்கேதான் நடந்தது.

எங்கள் குடும்பத்திலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

இன்றைக்கே தொடங்குங்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலே போதும். கேள்விகளைத் தேதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்: அந்த மூலையில் யார் கடை இருந்தது, மழை வந்தால் எந்தப் பாதை மூழ்கும், யார் வீட்டில் முதலில் ரேடியோ வந்தது. கூடவே பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, படத்தில் இருப்பவர்களின் பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிப் பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். பேனா மை உள்ளே ஊறிவிடும். பெயர் எழுதாத படம் அடுத்த தலைமுறையில் யாரோ ஒருவரின் படம் ஆகிவிடும். பதிவு முடிந்ததும் ஒரு பிரதியை அவர்கள் குடும்பத்துக்கே கொடுத்துவிடுங்கள். எடுத்துக்கொண்டு போய் மறைந்துவிடும் ஆராய்ச்சியாளர்களைத் தீவு மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், சபைக் கணக்குப் புத்தகம், இறுதிச் சடங்கு நிகழ்ச்சித் தாள், நிலவரி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். அரசு ஏட்டில் இல்லாத உறவுமுறை முழுவதும் அந்த இறுதிச் சடங்குத் தாளில் இருக்கும்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

பழைய தீயணைப்பு நிலையத்தில் பூங்காக் காவலர்களிடம் பேசிவிட்டு, டேபர்னகிள் சபை, பிரின்ஸ் தெரு வீடு (வெளியிலிருந்து), பிறகு தீவுக்குப் பாலம் ஏறிப் பென் சென்டர். முடிந்தால் மே மாதக் கடைசியில் போங்கள். அப்போது தேசியக் கல்லறையில் நினைவு நாள். 1863-இல் அமைந்த அந்தக் கல்லறையில் ஆயிரக்கணக்கான போர் வீரர்கள் உறங்குகிறார்கள், பலருக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். 1987-இல் சார்ல்ஸ்டன் அருகே ஃபோலி தீவில் தோண்டும்போது கறுப்பினப் படைவீரர்கள் 19 பேரின் எலும்புகள் கிடைத்தன. 1989 மே மாதம் இங்கே கொண்டுவந்து முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவர்கள் வரிசைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.